வலம்புரியும் இடம்புரியும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் ஐந்திணையைப் பற்றியோ, திருக்குறளின் ஓர் அதிகாரத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணித் தாளும் பேனாவும் எடுத்தோம். ஆயினும், பல ஆண்டுகளாக எம் நெஞ்சிலே கிடந்து உறுத்தும் செய்தி ஒன்று முன்வந்து நின்று, பிறிதொன்றையும் எழுதவொட்டாது தடுத்தது. அஃது இலக்கியச் செய்தியன்று. துவக்குக் குழலின் உள்ளே வெட்டப்படும் புரியைப் பற்றியது. துவக்குக்கும் தமிழாசிரியருக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் நகைக்கலாம். தொடர்பு உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரிமழை ஓய்ந்து வாவியின் நீர் வடியத் தொடங்கிய தை மாதத்திலே, பத்தாந் தர வகுப்பிற் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அன்றைய பாடத்திலே 'வலம்புரி' என்னும் சொல் வந்தது. புரி என்பது முறுக்கு. கயிற்றின் முறுக்கும் புரி, சங்கின் சுழியும் புரி. வலமாகச் சுழல்வது வலம்புரி, இடமாகச் சுழல்வது இடம்புரி. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கினால் அது முப்புரி என்று விரித்துக் கூறினோம். கரும்பலகையிலே சங்கின் படம் ஒன்றும் வரைந்தோம். பின்னர், "நீங்கள் கண்ட பொருள்களுள் புரியுடையது எது? ஆளுக்கொன்று கூறுங்கள்" என்றோம். கயிறு என்றான் ஒருவன். போத்தல் மூடி என்றான் மற்றொருவன். பயற்றங்கொடி கம்பிலே சுற்றி ஏறுவதை வேறொருவன் கூறினான். வகுப்புக் களைகட்டியது.

அவ்வகுப்பிலே படுவான்கரையிலிருந்து நாள்தோறும் பாதையேறி வாவி கடந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். கடைசி வாங்கிலே இருப்பான். கேட்டாலன்றி வாய் திறவான். அன்று அவன் தானே எழுந்தான். காற்சட்டைப் பையிலிருந்து விரல்நுனி அளவான, நிறம் மங்கிய உலோகத் துண்டொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"சேர், இதிலயும் புரி இருக்கு. வரம்பில கிடந்தது. ஆனா வலம்புரியா இடம்புரியா எண்டுதான் தெரியல்ல."

அது சுடப்பட்டுச் சிதையாது மண்ணிற் புதைந்து கிடந்த ஒரு சன்னம். அதன் மேனியிலே மெல்லிய சாய்கோடுகள் சில தெரிந்தன.

யாம் செய்ததை எழுத நாணுகின்றோம். அவன் கையிலிருந்து அதனைப் பறித்தோம். வகுப்பு நடுங்கும்படி கத்தினோம். "இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர உனக்கு எவ்வளவு துணிச்சல்!" என்று கூறி, பாடம் முடியும்வரை அவனை வெளியே நிறுத்தினோம். அவன் ஒன்றுங் கூறவில்லை. வெளியே நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தவணை முழுவதும் எம் வகுப்பிலே அவன் மறுபடி வாய் திறக்கவே இல்லை.

எம் சினத்துக்குக் காரணம் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போர் மீண்டும் மூண்டபொழுது எமக்குப் பத்து வயது. வீட்டை விட்டு ஓடி, கோயிலிலும் பாடசாலையிலும் பல நாட் கிடந்து, பின்னர் ஊருக்குத் திரும்பினோம். முற்றத்துத் தென்னையின் அடியிலே ஒரு துளை இருந்தது. கத்தியாற் கிண்டி, உள்ளிருந்த சன்னத்தை எடுத்துப் பென்சிற் பெட்டியிலே புதையல்போற் பாதுகாத்தோம். ஓரிரவு அம்மா அதனைக் கண்டுவிட்டார். விளக்கை அணைத்தார், இருளிலே எம் கையைப் பிடித்திழுத்துக்கொண்டு வாவிக்கரைக்குச் சென்றார், அதனை நீரிலே எறிந்தார். அதன் பின்னரே எம்மை அடித்தார். அடித்துவிட்டு மணலில் இருந்து அழுதார். "இதை யாரும் உன்ர பெட்டியில கண்டிருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அந்த இருளும் அந்தக் கேள்வியும் முப்பது ஆண்டுக்கு மேலாகியும் எம்மை விட்டு அகலவில்லை. மாணவன் கையை நீட்டியபொழுது யாம் கண்டது அவன் கையையன்று. எம் பென்சிற் பெட்டியையே கண்டோம்.

அச்சம் பிழையன்று. மண்ணிற் கிடக்கும் இத்தகைய பொருள்களைச் சிறுவர் தொடலாகாது. சுட்டு ஓய்ந்த சன்னம் எது, இன்னும் வெடிக்கவல்லது எது என்று பிள்ளைக்குத் தெரியாது. கண்டால் கைவைக்காது பெரியோரிடமும் பொலிசாரிடமும் அறிவித்தலே முறை. இதனை அமைதியாகக் கூறியிருக்கலாம். எம் அச்சத்தை எடுத்து அவன்மேல் எறிந்ததே பிழை. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அவன் கூறியது உண்மை. சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு, யாம் காட்டாத பொருளிலே அதனைத் தானே கண்டான். ஆசிரியப் பணியில் அவ்வளவு கூரிய விடையை யாம் அதற்குமுன் கேட்டதில்லை. அதற்கே தண்டனை கொடுத்தோம்.

அப்பொருளை அதிபரிடம் ஒப்படைப்பதற்கு முன்னர், எம் நண்பராகிய விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கிவிட்டு, "பொடியன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்; இது புரிதான்" என்றார். அன்று தொடங்கிப் பல மாலைப் பொழுதுகளில் அவர் கூறியதும், யாம் நூல்களில் தேடிப் படித்ததுமே கீழே வருவன. தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி வேண்டுமா என்று கேட்போருக்கு ஒன்று கூறுவோம். காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணித்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். அவர் பிறந்த மண்ணிலே தமிழும் கணிதமும் பகையல்ல.

இவ்வாவிக்கரையிலே வெடியோசை எழுந்தது புதிதன்று. 1628இற் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அக்காலத்துப் போர்வீரர் தாங்கிய துவக்குகளின் குழல் உட்புறம் வழுவழுப்பானது, சன்னமோ உருண்டை. குழலுக்கும் உருண்டைக்கும் இடையே சிறிது வெளி இருக்கும். உருண்டை அங்குமிங்கும் தட்டுண்டு வெளியேறும். கடைசியாக எப்பக்கத்தில் தட்டுண்டதோ அதற்கேற்பக் கண்டபடி சுழன்று திசை மாறும். நூறு யாருக்கு அப்பால் ஒருவனைக் குறிபார்த்து அடித்தல் பெரும்பாலும் நல்லூழைப் பொறுத்ததே.

இதற்கு மருந்து வில்வித்தையிலேயே இருந்தது. அம்பின் வாலில் இறகைச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் அது சுழன்று நேரே செல்லும் என்பதை வில்லாளர் அறிவர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஐரோப்பியக் கம்மியர் குழலின் உள்ளே தவாளிப்புகளைத் திருகுபோல வெட்டலாயினர். சன்னம் அத்தவாளிப்பைப் பற்றிக்கொண்டு முன்செல்லும்பொழுது சுழன்றுகொண்டே வெளிவரும். குழல் எவ்வளவு நீளத்திலே ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகின்றதோ அந்நீளமே அதன் புரியளவு. பத்து அங்குலத்தில் ஒரு சுற்றானால் அது இறுக்கமான புரி. எழுபது அங்குலத்தில் ஒரு சுற்றானால் அது தளர்ந்த புரி.

சுழற்சி எதற்கு? பம்பரம் விட்ட எவனும் இதற்கு விடை கூறுவான். சுழலாத பம்பரம் ஆணியில் நில்லாது விழும். சுழலும் பம்பரம் நிற்கும். சன்னத்தை வீழ்த்த முயல்வது புவியீர்ப்பு மட்டுமன்று, எதிரே வரும் காற்றும் ஆகும். கூர்மூக்குடைய நீண்ட சன்னத்திலே காற்றின் தாக்கம் அதன் பாரமையத்துக்கு முன்னே விழுகின்றது. ஆதலால் காற்று அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டப் பார்க்கும். சுழற்சி போதுமானால் மூக்குத் திசைமாறாது நிற்கும். போதாதாயின் சன்னம் குட்டிக்கரணமடித்து, தாளிலே வட்டத் துளைக்குப் பதிலாகத் தன் பக்கவாட்டு உருவையே பதிக்கும்.

ஈண்டுதான் பலரும் தவறுகின்ற இடம் உண்டு. பாரமான சன்னத்துக்கு இறுக்கமான புரி வேண்டும் என்று வேட்டைக்காரர் கூறுவர். அது பாதி உண்மை. உண்மையிற் புரியை வேண்டுவது பாரமன்று, நீளமே. ஒரே குழலிற் புகும் சன்னங்களின் குறுக்களவு ஒன்றாதலால், பாரம் கூட வேண்டுமானால் நீளம் கூடவேண்டும். அதனாலேயே பாரத்தின்மேற் பழி வருகின்றது. அகலம் ஒன்றாகவும் உயரம் மிகுந்தும் உள்ள பம்பரத்தை நிறுத்த மிகுந்த வேகம் வேண்டும் என்பதும் இதுவே.

இதனைத் தெளிவாக்கும் வரலாறு ஒன்று எம் மாகாணத்தின் மேற்கு எல்லைக் காடுகளோடு தொடர்புடையது. சேர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவிற் குடியேறி, 1855வரை வாழ்ந்தவர். பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட நில்கல முதலிய புல்வெளிக் காடுகளிலே யானை வேட்டையாடியவர். அவ்வேட்டையைப் பற்றி 1854இல் நூலும் வெளியிட்டார். பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குக் கம்மியர் 1840இலே அவர் கூறியபடி செய்துகொடுத்த துவக்கின் பாரம் 21 இறாத்தல்; குழலின் நீளம் 36 அங்குலம்; மருந்தின் அளவு 16 டிறாம். 3 அவுன்சு உருண்டையையோ 4 அவுன்சுக் கூம்புச் சன்னத்தையோ அதிலே இடலாம். அதன் புரி குழலின் நீளத்துக்கு ஒரு சுற்று, அதாவது 36 அங்குலத்துக்கு ஒன்று.

உருண்டைக்கு மூக்குமில்லை, வாலுமில்லை. காற்றுப் புரட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆதலால் அதற்குத் தளர்ந்த புரியே போதும். இறுக்கமான புரியிலே அவ்வளவு மருந்தை இட்டுச் சுட்டால், மெல்லிய ஈயவுருண்டை தவாளிப்பைப் பற்றாது வழுக்கிக்கொண்டு நேரே பாய்ந்துவிடும். அதனைத் தடுக்கவே பேக்கரின் குழலில் இரண்டு ஆழமான தவாளிப்பும், அவற்றிற் பொருந்துமாறு உருண்டையைச் சுற்றி அரைஞாண்போல ஒரு பட்டியும் வைக்கப்பட்டன. இதற்கு மறுவழியைக் கூறியவர் மத்திய இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் போர்சைத் என்னும் படை அதிகாரி. 1863இல் அவர் வெளியிட்ட நூலிலே, உருண்டைக்குப் புரியைத் தளர்த்திவிடுக, அப்பொழுது மருந்தை மிகுதியாக இடலாம், உருண்டையும் வழுக்காது என்று நிறுவினார். அவர் கூறிய புரி 104 அங்குலத்துக்கு ஒன்று. ஒருவர் உருண்டைக்குப் பட்டி கட்டினார். மற்றவர் புரியைத் தளர்த்தினார்.

வீழ்ந்த யானைகளை எண்ணினால் இக்கதையிலே எமக்கு மகிழ்ச்சியில்லை. அன்று கணக்கின்றி யானையைக் கொன்றனர். இன்று காடு சுருங்கிப் படுவான்கரையிலே யானை வேளாண்மைக்குள் வருகின்றது. உழவனும் மடிகின்றான், யானையும் மடிகின்றது. அறிவு வேறு, அதனைக் கொண்டு செய்வது வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது.

பாரமன்று நீளமே என்பதற்கு இன்னுந் தெளிவான சான்று 1850களிற் கிடைத்தது. ஆங்கிலப் படையின் 1853ஆம் ஆண்டு என்பீல்டுத் துவக்கு .577 அங்குலக் குழலுடையது. சன்னம் 530 கிரெயின். புரி 78 அங்குலத்துக்கு ஒன்று. விற்வோர்த்து என்னும் பொறியியலாளர் அதே 530 கிரெயின் பாரத்தை .451 அங்குல அறுகோணக் குழலுக்குள் அடக்கினார். குழல் ஒடுங்கவே சன்னம் நீண்டது. நீளவே புரியை 20 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கவேண்டியதாயிற்று. பாரம் ஒன்றே, புரி ஏறத்தாழ நான்கு மடங்கு வேறு! 1857இல் நடந்த சோதனையிலே விற்வோர்த்தின் துவக்கு என்பீல்டைத் தெளிவாக வென்றது. 1860இல் விம்பிள்டனிலே விக்ரோறியா மகாராணியார் போட்டியைத் தொடக்கிவைத்துச் சுட்டதும் விற்வோர்த்தின் துவக்கினாலேயே.

இவ்வநுபவங்களைக் கணக்காக்கித் தந்தவர் வூலிச்சிலே பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிறீன்ஹில் என்னும் ஆசிரியர்; ஆண்டு 1879. ஈயச் சன்னத்துக்கு அவர் கூறிய விதி எளியது. சன்னத்தின் குறுக்களவை அதனாலேயே பெருக்குக. வந்ததை 150ஆற் பெருக்குக. அதனைச் சன்னத்தின் நீளத்தால் வகுக்க. எல்லாம் அங்குலத்தில் இருந்தால், விடை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது. மாணவர் குறிபார்த்துச் சுடப் பழகும் சிறிய .22 துவக்கின் 40 கிரெயின் சன்னத்தைக் கொள்வோம். குறுக்களவு 0.224, தன்னாற் பெருக்க 0.05, 150ஆற் பெருக்க 7.5, நீளம் ஏறத்தாழ 0.47 அங்குலம், வகுக்க 16. உலகெங்கும் அச்சிறு துவக்கின் குழல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகவே வெட்டப்படுகின்றது. கணக்கைப் போட்டு முடித்தபொழுது தமிழாசிரியராகிய யாம் சிறுவனைப்போற் கைதட்டினோம்.

நம் முதியோர் பலர் அறிந்த .303 துவக்கைப் பார்ப்போம். முற்காலத்திலே அதன் சன்னம் மொட்டை மூக்குடையது. பாரம் 215 கிரெயின். 1910இல் வந்த கூர்மூக்குச் சன்னம் 174 கிரெயினாகக் குறைந்தது. பாரமே புரியை நிர்ணயிக்குமானால் குழலைத் தளர்த்தியிருக்க வேண்டும். அவ்வாறு செய்யவில்லை. புதிய சன்னத்தின் நுனியிலே ஈயத்துக்குப் பதிலாக இலேசான பொருளை அடைத்தமையால் பாரம் குறைந்ததேயன்றி நீளம் குறையவில்லை. அதன் நீளம் 1.28 அங்குலம் அளவினது. கிறீன்ஹில் விதி 11 அங்குலத்துக்குச் சற்று மேலே காட்டும். குழலோ 10 அங்குலத்துக்கு ஒன்று. ஆகவே இரண்டுக்கும் அது போதுமானதாயிற்று. விநாடிக்கு 2440 அடி வேகத்திலே வெளிவரும் அச்சன்னம் விநாடிக்கு 2900 முறைக்கு மேற் சுழல்கின்றது. எம் மாணவனின் கேள்விக்கும் இத்துவக்கிலே ஒரு விடை உண்டு. பெரும்பாலான துவக்குகள் வலம்புரி. லீ என்பீல்டோ இடம்புரி.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கரின் எம்-16 துவக்குச் சான்று. முதலில் அதன் குழல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வெப்பமான நாட்டில் 55 கிரெயின் சன்னத்துக்கு அது போதும்போலத் தோன்றியது. கடுங்குளிரிலே சோதித்தபொழுது குறி தவறியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அது சன்னத்தைப் புரட்டும் வலிமையும் மிக்கது. ஆதலால் 1963இலே 12 அங்குலமாக இறுக்கினர். 1980களிலே 62 கிரெயின் சன்னமும், அதனினும் நீண்ட ஒளிக்கோட்டுச் சன்னமும் வந்தபொழுது 7 அங்குலமாக இறுக்கினர்.

அங்ஙனமாயின் எப்பொழுதும் மிக இறுக்கமாக வெட்டிவிட்டால் என்ன என்று வினவலாம். அதுவும் ஆகாது. சன்னத்தின் பாரம் சிறிதளவு ஒருபக்கம் கோடியிருப்பினும் மிகுந்த சுழற்சி அக்கோணலைப் பெரிதாக்கும். மெல்லிய உறையுடைய இலேசான சன்னம் சுழற்சியைத் தாங்காது காற்றிலேயே சிதறும். நெடுந்தொலைவிலே பாதை கீழ்நோக்கி வளையும்பொழுதும், மிகையாகச் சுழலும் சன்னம் மூக்கைத் தாழ்த்தாது நிமிர்த்தியபடியே செல்லும். சில குழல்களுக்கோ புரியே ஆகாது. எம் பாட்டனார் வட்டவிதானையாராக இருந்த காலத்திலே, காவற் பரணில் உரிமைப்பத்திரம் பெற்ற துவக்கு ஒன்று வைத்திருந்தார். பல சிறு குண்டுகளை ஒருசேரப் பொழியும் துவக்கு அது. அதன் குழலிற் புரி வெட்டினால் குண்டுகள் சுழற்சியால் அகன்று சிதறி, நடுவிலே வெறுமையாகிவிடும். அதற்கு வழுவழுப்பே அழகு. ஆகவே அறிந்த கம்மியன் முதலிற் குழலை வெட்டிவிட்டுப் பின்னர்ச் சன்னத்தைத் தேடான். எச்சன்னம், எவ்வளவு நீளம், எவ்வேகம் என்று அறிந்த பின்னரே புரியை நிர்ணயிப்பான்.

இன்னுமொன்று. குழலின் புரி சன்னத்தின் மேனியிலே பதிந்துவிடுகின்றது. தவாளிப்புகள் எத்தனை, எத்திசை, எவ்வளவு சாய்வு, எங்கெங்கே கீறல் என்பவை அனைத்தும் அங்கே எழுதப்பட்டுள்ளன. 1920களில் இரண்டு சன்னங்களை அருகருகே வைத்து நோக்கும் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டி அமைக்கப்பட்டது முதல், இக்கோடுகள் நீதிமன்றங்களிலே சாட்சி கூறுகின்றன. எக்குழலினூடு வந்தது என்பதைச் சன்னம் மறைக்க இயலாது.

மூக்கு மேலே இருக்கும்படி சன்னத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். கோடு மேலேறும்பொழுது வலப்பக்கம் சாய்ந்தால் வலம்புரி, இடப்பக்கம் சாய்ந்தால் இடம்புரி. தலைகீழாக்கினும் சாய்வு மாறாது. ஆனால் சங்குக்கு நாம் கூறும் கணக்கு வேறு. நாம் சங்கின் சுழிமுனையைக் கீழே வைத்து, வாய் வலப்பக்கம் இருப்பின் வலம்புரி என்போம். விஞ்ஞானியர் சுழிமுனையை மேலே வைத்துப் பார்ப்பர். ஆகையால் நாம் வலம்புரி என்று பூசையில் வைத்துப் போற்றும் அரிய சங்கை அவர்கள் இடஞ்சுழி என்பர். யாம் கரும்பலகையில் வரைந்த சங்கைப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்ததைப் பார்த்த அம்மாணவன், வலமா இடமா என்று மயங்கியது அறியாமையாலன்று. உண்மையான சிக்கல் ஒன்றையே அவன் தொட்டிருந்தான். அவன் வினாவுக்கு விடை கூற அன்று எமக்குத் தெரியாது. கத்தியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று பின்னர் எம்மையே கேட்டதுண்டு.

இவற்றையெல்லாம் கற்றுத் தேறியபின், குட்டைப் பம்பரம் ஒன்றும் நெட்டைப் பம்பரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குச் சென்றோம். புரி என்னும் பாடத்தை மீண்டும் நடத்தினோம். மாணவர் மகிழ்ந்தனர். கடைசி வாங்கு வெறுமையாக இருந்தது. தந்தைக்கு நோய், வீட்டிலே உழைக்க ஆளில்லை, அவன் இனி வரமாட்டான் என்று அவன் ஊர் மாணவர் கூறினர். யாம் அன்று அவனிடம் கூறவிருந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவன் நின்றது வறுமையாலேயே என்று எம்மை யாம் தேற்றிக்கொள்ளலாம். ஆயினும் பேசத் தொடங்கிய பிள்ளையின் வாயை அடைத்தவர் யாம் அல்லவோ? பள்ளிக்கூடத்திலே தன்னைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை என்று அவன் எண்ணியிருப்பின், அவ்வெண்ணத்தின்மேல் எம் கீறல் இருக்கும்.

சென்ற ஆண்டு எம் சயிக்கிளின் இடப்பக்க மிதிகட்டை கழன்று, அது பொருந்தும் துளையின் மரை தேய்ந்துபோயிற்று. நகரத்திலே கடைசற் பட்டடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். எண்ணெய் படிந்த உடுப்போடு இயந்திரத்தின்முன் நின்ற இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "சேர்" என்றார். அவனேதான். தேய்ந்த மரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற உதவியாளனிடம் கூறினான்:

"இது இடப்பக்கம். இடம்புரி போடவேணும். வலம்புரி வெட்டினா மிதிக்க மிதிக்கக் கழண்டு விழும்."

பட்டடைகளிலே இச்சொற்களை எவரும் வழங்குவதில்லை. ஆங்கிலச் சொல்லையே வழங்குவர். "இந்தச் சொல்லை எங்கே படித்தீர் தம்பி?" என்று கேட்டோம். கேட்டவுடனே அக்கேள்வியின் மடமை எமக்கு விளங்கிற்று. அவன் சிரித்தான். "நீங்கதானே சேர் படிப்பிச்சீங்க" என்றான்.

"அன்று நீர் கூறியது சரி. பிழை எம்முடையது. உம்மை வெளியே நிறுத்தியது தவறு. அது இடம்புரியா வலம்புரியா என்று சொல்ல அன்று எமக்குத் தெரியவில்லை" என்றோம். இவ்வளவையும் கூற எமக்குச் சில ஆண்டுகள் சென்றன.

அவன் சற்றுநேரம் கையிலிருந்த இரும்பையே பார்த்தான். "அது எப்பவோ முடிஞ்ச கதை சேர்" என்றான். பிறகு தலை நிமிராமலே, "அப்ப, அது என்ன புரி?" என்று கேட்டான்.

"வலம்புரி" என்றோம்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்று கூறி, இயந்திரத்தை ஓடவிட்டான். மரை வெட்டி முடிந்ததும் மிதிகட்டையைப் பூட்டிச் சுழற்றிக் காட்டினான். கூலி 800 ரூபா என்றான், கொடுத்தோம், வாங்கிக்கொண்டான். அவன் அதனை வேண்டாம் என்னாது வாங்கியது எமக்கு மிகுந்த ஆறுதலளித்தது.

பழைய மாணவர்களே, உடன் ஆசிரியர்களே, நமது கல்லூரியின் விழாவிலே பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். இடையிலே நின்றுபோய், பட்டடையிலும் வயலிலும் கடலிலும் உழைக்கும் மாணவரும் இக்கல்லூரியின் மக்களே. அவர்களையும் அழைப்போமாக. வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருக்கின்றனர். ஒரே புரியை வெட்டி வைத்துக்கொண்டு, அதிற் பொருந்தாதவர் எல்லாரும் குறி தவறியவர் என்று கூறுதல் எளிது. ஒருவனுக்குச் சற்று இறுக்கம் வேண்டும். ஒருவனுக்கு மிகை இறுக்கமே கேடு. ஒருவனை வழுவழுப்பான அன்போடு விட்டுவிடலே நன்று. எவனுக்கு எது என்று அறிய, முதலில் அவன் கையை நீட்டும்பொழுது அதில் இருப்பதைப் பார்க்க வேண்டும். முறுக்குதலும் புரி, விளங்கிக்கொள்ளுதலும் புரிதலே. இரண்டாவது பொருளை எமக்குப் புரியவைத்தவன் கடைசி வாங்கிலே இருந்தவன்.